நாலு மணிச் சுவர்

செப்டம்பர் 30, திங்கள்

மதிப்பிற்குரிய பதினான்காம் எண் வீட்டு உரிமையாளருக்கு,

வணக்கம். உங்கள் தெருவின் ஒன்பதாம் எண் வீடு கடந்த வெள்ளிக்கிழமை, இருபத்தேழாம் தேதி, விற்றுப் பதிவாகிவிட்டது. பதிவு அலுவலகத்தில் முத்திரை வைக்கும் குமாஸ்தா சொன்ன செய்தி இது. நானும் புத்தகத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். வீடு காலியாகக் கிடந்தது நாற்பத்தொரு நாள். வாங்கியது மூன்று பேர் கொண்ட குடும்பம். அடுத்த மாத நடுவில் குடிவருகிறார்கள். லாரி நிற்கிற அன்று தெருவில் கொஞ்சம் நெருக்கடி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விற்பனையை முடித்தது நான் அல்ல, எங்கள் அலுவலகத்தில் வேறொருவர். நான் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம்தான் ஆகிறது. உங்கள் தெருவின் இருபத்திரண்டு வீடுகளுக்கும் தினம் ஐந்து கடிதம் என்று கையாலேயே எழுதி அனுப்புகிறேன். வரிசையில் எந்தக் கதவையும் தாண்டிப் போவதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்.

விற்கும் எண்ணம் இல்லையென்றால் பதில் வேண்டியதில்லை. எண்ணம் வந்தால் எழுதுங்கள். உங்கள் வீட்டை ஒரு அந்நியர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தாலும் எழுதலாம்.

இப்படிக்கு,
வீடு விற்பனைப் பிரதிநிதி (பயிற்சி ஆண்டு)


அக்டோபர் 4, வெள்ளி

மதிப்பிற்குரிய விற்பனைப் பிரதிநிதி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வியாழக்கிழமை காலை பத்தே காலுக்குக் கிடைத்தது. தபால்காரர் உறையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "அம்மா எழுத்து மாதிரி இருக்கே சார்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார். நல்ல மனுஷன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்.

ஒன்பதாம் எண் பற்றிய செய்தி சரி. ஆனால் காலியாகக் கிடந்தது முப்பத்தொன்பது நாள்தான். நடுவில் இரண்டு நாள் பெயிண்டர்கள் அங்கேயே தங்கினார்கள், ஜன்னலில் துண்டு காய்ந்தது. முப்பத்தொரு வருஷம் செய்தி எழுதிக் கை தேய்ந்தவன், திருத்தாமல் இருக்க முடியவில்லை. மன்னிக்கவும்.

இன்னொரு திருத்தம். கடிதம் 'உரிமையாளருக்கு' என்று ஒருமையில் இருக்கிறது. பத்திரத்தின்படி பதினான்காம் எண்ணுக்கு உரிமையாளர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு வந்து சேர்ந்துவிட்டது. மற்றவர் இரண்டு வருஷம் நாலு மாதமாக இந்த முகவரியில் இல்லை. அவருக்கு உரிய பிரதியை நான் எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரிவித்தால் நல்லது.

கடைசியாக ஒரு கேள்வி. உறையில் 'பதினான்கு' என்று எழுதும்போது கை நின்றதா? எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்களில் ஒருவர்


அக்டோபர் 9, புதன்

உரிமையாளர்களில் ஒருவருக்கு,

நின்றது. இரட்டை எண் வரிசையில் பன்னிரண்டாம் எண்ணை முடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். தம்பி வீட்டு மாடி அறையில்தான் இன்னும் இருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதன் கிளை அசையாமல் நின்றுகொண்டிருந்தது. தாண்டிவிடலாமா என்று அதையே கேட்டேன். இன்றைக்கு ஒரு கதவைத் தாண்டினால் நாளைக்கு நாய் குரைக்கிற கதவையும், நாளை மறுநாள் முகம் சுளித்த கதவையும் தாண்டத் தோன்றும். உட்கார்ந்து எழுதினேன். 'பதினான்கு' என்று எழுதி முடிக்கும்போது கை நன்றாகவே இருந்தது.

உங்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பல் விளக்கியதும் ஐந்து கடிதம். அதன் பிறகுதான் காபி. பத்து மணிக்கு ஐந்து போன். அதன் பிறகு கதவுகள். என்னிடம் ஒரு 'வேண்டாம்' நோட்டு இருக்கிறது. யார் வேண்டாம் என்றாலும் தேதி போட்டு அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுவேன். "வேண்டாம்", "இப்ப இல்ல", "எங்க மாமா வரட்டும்", "இந்த வெயில்ல எதுக்கும்மா அலையற". முதல் மாதம் இதையெல்லாம் எழுதும்போது அழுதேன். மேலாளர் அம்மா பார்த்துவிட்டார். "ஏம்மா, வேண்டாம்ங்கறது அவங்க சொன்ன பதில். உன் தலையெழுத்து இல்ல" என்றார். இப்போது நோட்டில் எழுநூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது. சாயங்காலம் படியேறும்போது தம்பி பெண்டாட்டி கீழே இருந்து குரல் கொடுப்பாள்: "அண்ணி, இன்னிக்கு எத்தன?" "ஒம்போது." "அடடே, நேத்தவிட ரெண்டு கூட. முன்னேறிட்டீங்க."

எதற்காக இவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பதினெட்டு வருஷம் நீங்கள் எனக்கு வைத்திருந்த பெயர் 'முக்கால்'. தையல் வகுப்பில் முக்கால், டைப்ரைட்டிங்கில் முக்கால், ஒரு கை இல்லாத நீல ஸ்வெட்டர். வீட்டுக்கு யார் வந்தாலும் காபியோடு அந்தப் பெயரும் வெளியே வரும். உங்கள் போட்டோகிராபர் நண்பர் என்னைத் தங்கச்சி என்பார். அவரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன். கடைசி நாளன்று மாடி அறைக்கு நான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்று சுவர் முடிந்திருந்தது. நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தீர்கள். "பாத்தியா, எண்ணிக்கோ. முக்காலோட கையெழுத்து" என்றீர்கள். பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கீழே வந்தவள்தான்.

என் பயிற்சி ஆண்டு நவம்பர் 30, சனிக்கிழமை முடிகிறது. அதற்குள் ஒரு வீடாவது முடிய வேண்டும். வாங்குகிறவர் கையெழுத்தில் 'சரி' என்று வந்தால் போதும், பதிவு பிறகு நடக்கலாம். இதுவரை மூன்று வீடு கைக்கு எட்டி நழுவியிருக்கிறது. மூன்றும் முக்கால் தூரம் வந்தவை. நீங்கள் சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மற்றவர்


அக்டோபர் 17, வியாழன்

அன்புள்ள மற்றவருக்கு,

சிரிக்கவில்லை. கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டாவது தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். கண்ணாடியில் கோளாறு ஒன்றும் இல்லை.

'நீங்கள்' போட்டு எழுத எனக்கு வரவில்லை. 'நீ' என்றே எழுதுகிறேன். பிடிக்கவில்லையென்றால் உன் நோட்டில் எழுதிக்கொள்.

ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நீ போன மூன்றாம் நாள் அந்த நாலாவது சுவரை நானே அடித்து முடித்தேன். நீ திரும்பி வரும்போது முடிந்திருக்கட்டும் என்று நினைத்தேன். நீ வாங்கி வைத்த டப்பாவிலேயே மிச்சம் இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் நிறம் ஒன்றுதான். மத்தியானம் வெயில் விழும்போது மட்டும் அந்தச் சுவர் வேறு வீட்டுச் சுவர் மாதிரி தெரிகிறது. அந்த நேரத்தில் நான் அங்கே போவதில்லை.

செய்தி: பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், பதினாறாம் எண், உன் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். நேற்று காம்பவுண்டு மேல் எட்டிப் பார்த்து, "சார், இது உங்க வீட்டம்மாதானே?" என்றார். "அவங்களையே கேளுங்க" என்றேன். நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யவில்லை என்பதைப் பதிவு செய்வதற்காகத்தான் எழுதுகிறேன். அவருக்கு மகள் ஊரோடு போய்விடும் எண்ணம்.

காலி வீடுகளுக்குள் தனியாகப் போகிறாயே, பயமில்லையா?

அன்புடன்,
பதினான்காம் எண்


அக்டோபர் 29, செவ்வாய்

பதினான்காம் எண்ணுக்கு,

பல் டாக்டர் வீட்டை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார். வேறு இரண்டு பேர் கேட்டார்களாம். "அவங்க அச்சடிச்ச நோட்டீஸ் போட்டாங்க. நீங்கதான் லாரி வரும்னு எழுதியிருந்தீங்க" என்றார்.

பயமில்லை. எனக்கு இருக்கிற பழக்கங்களில் மேலாளர் அம்மாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வீட்டை யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் நான் அதில் மூன்று வேளை தனியாக உட்காருவேன், காலையில், உச்சியில், நாலு மணிக்கு. ஒவ்வொரு அறையிலும் தரையில் உட்காருவேன். கையில் போனும் கிடையாது, பேப்பரும் கிடையாது. முதல் பத்து நிமிஷம் மனசு குரங்குதான். பிறகு அறை தானாகப் பேச ஆரம்பிக்கும். இங்கே ஒருத்தர் நின்று தலை வாருவார் என்று தோன்றும். இந்த மூலையில் ஒரு குழந்தை கோபித்துக்கொண்டு உட்காரும். இந்தப் படியில் யாரோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஏறுவார்கள். இன்னும் வராதவர்கள் எல்லாரும் வந்து போவார்கள். எழுந்திருக்கும்போது அவர்களை விட்டுவிட்டு வருவது மாதிரி இருக்கும்.

பதினாறில் காலை வெளிச்சம் சமையலறைக்குள் வந்து, தரையில் மெதுவாக நகர்ந்து, பதினொன்றே காலுக்குக் கூடத்தின் வாசற்படியில் நின்றுவிடுகிறது. யாரோ உள்ளே கூப்பிடட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. உச்சி வேளையில் வீடு தூங்குகிறது. நானும் கொஞ்சம் தூங்கியிருப்பேன். ஒரு பெரிய மீன் மேலே நீந்திப் போகிற மாதிரி நிழல் கூரையில் போனது. விழித்துப் பார்த்தேன், உங்கள் மொட்டைமாடிக் கொடியில் வெள்ளைச் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. நீங்கள் இரண்டாவது சட்டையைப் போட்டுக் கொண்டிருந்தீர்கள். கிளிப்பை வாயில் கவ்வியிருந்தீர்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று நான் சொன்னது ஒன்றா இரண்டா.

நாலு மணிக்கு ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். பின்பக்க அறை உங்கள் சுவரோடு ஒட்டியது. சரியாக நாலுக்கு அந்தச் சுவர் முனக ஆரம்பிக்கிறது. தாழ்ந்த, நீளமான ஒரே சத்தம், இருபது நிமிஷம். முதுகைச் சாய்த்திருந்தேன். விலா எலும்புக்குள் கேட்டது. உங்கள் மோட்டார்தான். நாலு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிற உங்கள் பழக்கம் மாறவில்லை. பதினான்கில் இருந்தவரை எனக்கு அது காதில் விழுந்ததே இல்லை. அந்தப் பக்கம் போனபிறகுதான் கேட்கிறது.

டாக்டரிடம் கேட்டேன். "அந்த நேரத்துக்கு நான் கிளினிக்ல இருப்பேம்மா, எனக்குத் தெரியாது" என்கிறார். வாங்க வருகிறவரிடம் சொல்லாமல் இருக்க மாட்டேன். சொல்வதைவிட அவரையே நாலு மணிக்கு உட்கார வைத்துக் கேட்க வைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
மற்றவர்


நவம்பர் 5, செவ்வாய்

அன்புள்ள மற்றவருக்கு,

இப்போது கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். இது நான் குடியிருக்கிற வீடு, அதனால் ஒன்றும் பேச மாட்டேன் என்கிறது. நேற்று மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு. நம் வீட்டில் படிக்கட்டுக்குப் பின்னால் இன்னொரு அறை இருக்கிறது. இத்தனை வருஷம் எப்படிப் பார்க்காமல் போனோம் என்று எனக்கு ஒரே வெட்கம். உள்ளே சாமான் எதுவும் இல்லை. ஜன்னல் முழுக்கத் தண்ணீர், அதன் வழியாக வெயில். யாரோ அதைப் பெருக்கி, பாயை விரித்து வைத்திருந்தார்கள். விழித்ததும் போய்ப் படிக்கட்டின் பின்னால் தட்டிப் பார்த்தேன். வெறும் சுவர். ஆனாலும் தட்டினேன் என்பது உண்மை.

போட்டோகிராபர் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். காபியை வாங்கிக்கொண்டு, "என்ன, முக்கால்கிட்டேர்ந்து ஏதாவது சேதி உண்டா?" என்றான். "அந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாது" என்றேன். அவன் கொஞ்ச நேரம் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான். "தங்கச்சி நல்லா இருக்கா?" என்று மறுபடி கேட்டான். நல்லா இருக்கா என்று சொன்னேன். ஆதாரம் உன் கடிதங்கள்தான்.

மோட்டார் பற்றி எழுதியிருந்தாய். கவனித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
பதினான்காம் எண்


நவம்பர் 14, வியாழன்

பதினான்காம் எண்ணுக்கு,

பதினாறை இதுவரை பதினோரு பேர் பார்த்தார்கள். பத்துப் பேர் நோட்டுக்குள் போய்விட்டார்கள். பதினோராவது ஆள் ஒரு பியானோ பழுது பார்ப்பவர். ஐம்பது வயசு இருக்கும். மனைவியும் கூட வந்தார். மனைவி அலமாரிகளைத் திறந்து பார்த்தார். அவர் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு அறைக்கும் நடுவில் போய் நின்று ஒரு தடவை கை தட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அடுத்த அறை. "கண்ணுக்கு எல்லா வீடும் ஒண்ணுதாம்மா. நான் காதால குடியிருக்கறவன்" என்றார். "நாப்பது வீடு பாத்தாச்சு. இவருக்குப் பிடிச்ச வீட்டுக்குக் கூரை இருக்காது" என்றார் மனைவி.

பின்பக்க அறையில் மட்டும் இரண்டு தடவை தட்டினார். அதைப் பட்டறையாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அது காலை நேரம். "இந்த அறையை நாலு மணிக்குக் கேக்காம முடிவு பண்ணாதீங்க" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. முன்னாலேயே சொல்லிவிட்டால் சத்தம் வருவதற்கு முன்பே காது பயந்துவிடும். அவர் தானாகவே கேட்கட்டும். அடுத்த புதன், இருபதாம் தேதி, நாலு மணிக்கு வருகிறார்.

தப்பிப்போனால் இன்னொருவரைத் தேடப் பத்து நாள்தான் இருக்கும். ஆனாலும் காலையில் ஐந்து கடிதம் எழுதிவிட்டேன். இன்றைக்கு வேறொரு தெரு, ஒன்றிலிருந்து ஐந்து வரை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகர்கிறதோ இல்லையோ, அடி வைக்கிறேன்.

இப்படிக்கு,
மற்றவர்


நவம்பர் 21, வியாழன்

நேற்று நாலு மணிக்கு அந்தச் சுவர் பேசவில்லை.

பியானோக்காரர் அறை நடுவில் நின்றார். நான் கதவருகில் நின்றேன். நாலு ஆனது. நாலு ஐந்து, நாலு பத்து. அவர் கை தட்டினார். அந்தச் சத்தம் போய்த் திரும்பிய பிறகு அப்படி ஒரு அமைதி. தூசி வெயிலில் இறங்குவதுகூடக் கேட்கும் போல இருந்தது. அவர் முகம் ஒரு குழந்தை முகம் மாதிரி ஆனது. "இதாம்மா. இந்த அமைதியத்தான் பதினஞ்சு வருஷமா தேடறேன். காகிதம் குடுங்க, எழுதிக் குடுக்கறேன்" என்றார்.

காகிதம் பையில்தான் இருந்தது. பேனாவும் இருந்தது. ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன், மறைக்க மாட்டேன். பிறகு சொன்னேன். "சார், இது இந்த அறையோட அமைதி இல்ல. தினமும் நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு மோட்டார் இருபது நிமிஷம் ஓடும், இந்தச் சுவர் முனகும். இன்னிக்கு யாரோ நிறுத்தி வெச்சிருக்காங்க."

"யாரு?"

"என் வீட்டுக்காரர்" என்றேன்.

அவர் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ நான் கேட்டது வீட்ட இல்ல. பக்கத்து வீட்டுக்காரரோட மரியாதைய" என்றார். காகிதத்தை வாங்காமலேயே படியிறங்கிப் போய்விட்டார்.

வீடு காட்டுகிற நாள் என்று கிளினிக்கிலிருந்து வந்திருந்த பல் டாக்டர் வாசலில் நின்றார். "ஏம்மா, பல்லுல ஓட்டை இருக்குன்னு சொல்றது என் பொழப்பு. வீட்டுல ஓட்டை இருக்குன்னு சொல்றது உங்க பொழப்பா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நாலாவது சுவரையும் நீங்களே அடித்தீர்கள். இதையும் நீங்களே செய்து முடிக்கப் பார்த்தீர்கள். நான் முக்காலாகவே இருந்ததற்கு என் சோம்பல் மட்டும்தான் காரணமா என்று நேற்று முதல் தடவையாக யோசித்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசிக் காலை எடுத்து வைக்கப்போகும்போது அங்கே ஏற்கெனவே ஒருத்தர் நின்றிருக்கிறார்.

பதில் எழுத வேண்டாம்.


நவம்பர் 22, வெள்ளி

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். நான்கு வரிகளோடு நிறுத்திவிடுகிறேன்.

மோட்டாரைப் புதன்கிழமை மட்டும் காலை ஆறு மணிக்குப் போட்டேன். உனக்கு உதவி என்று நினைத்தேன். அந்த ஸ்வெட்டரின் இன்னொரு கையைப் பின்னச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தவனும் நான்தான். அந்த வாரமே நீ ஊசிகளை எடுத்து வைத்துவிட்டாய், ஏன் என்று நான் யோசித்ததில்லை.

மன்னித்துவிடு.


நவம்பர் 24, ஞாயிறு

பதினான்காம் எண்ணுக்கு,

நேற்றுக் காலை, கடிதம் ஐந்தும் எழுதி முடித்த பிறகு, பியானோக்காரர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. படியிறங்கினார், அவ்வளவுதான். சொல்லாததை நோட்டில் எழுத முடியாதே.

அவர் ஒரு பியானோவின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார். அவர் மனைவிதான், "அந்தம்மா வந்திருக்காங்க, உண்மை பேசற அம்மா" என்றார். அவர் வெளியே வந்தார். "அந்த முனகல் என்ன சுருதின்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பாடிக் காட்டச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் முயற்சி செய்தேன். அவர் ஒரு கட்டையைத் தட்டினார், அதற்குப் பக்கத்துக் கட்டையைத் தட்டினார். "நீங்க பாடினத நம்ப முடியாது. நேர்ல கேக்கணும். ஒரே சத்தம் ஒரே மாதிரி வந்தா அதோட வாழ்ந்துடலாம். அலைஞ்சா முடியாது" என்றார். அப்போதும் 'சரி' என்று சொல்லவில்லை.

புதன்கிழமை, இருபத்தேழாம் தேதி, நாலு மணிக்கு மறுபடி வருகிறார். பிடித்தால் வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குள் எழுதித் தருவதாகச் சொன்னார்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எனக்காக எதுவும் செய்யாதீர்கள். மோட்டாருக்கு எண்ணெய் விடாதீர்கள், அடியில் சாக்கு வைக்காதீர்கள். நாலு மணிக்கு எப்போதும் போடுகிற மாதிரி போடுங்கள்.

இன்னொன்று. 'சரி' வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை என் ஆண்டு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் ஒன்றாம் தேதி, எனக்கு வேலை இல்லை. அன்றைக்குப் பதினான்காம் எண்ணில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். திரும்பி வருவதாக அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்து பார்க்காமல் நான் எந்த வீட்டைப் பற்றியும் பேசுவதில்லை, அவ்வளவுதான். மூன்று மணிக்கு வருகிறேன். மாடியிலிருந்து ஆரம்பிப்பேன். நான் உட்காருகிற நேரத்தில் வீட்டுக்காரர் உள்ளே இருக்கக் கூடாது. பல் டாக்டரையும் அப்படித்தான் வெளியே அனுப்பினேன்.

இப்படிக்கு,
மற்றவர்


நவம்பர் 28, வியாழன்

அன்புள்ள உனக்கு,

நேற்று, புதன்கிழமை, மாலை நாலு மணிக்கு மோட்டார் போடப்பட்டது. போட்டவன் நான். கூடத்துக் கடிகாரமும் கைக்கடிகாரமும் சாட்சி. எண்ணெய் விடவில்லை, சாக்கு வைக்கவில்லை. பிடித்திருந்த துருவைக்கூடத் தொடவில்லை.

சுவிட்சைப் போட்டதும் வழக்கமாகப் பேப்பரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விடுவேன். நேற்றுப் போக முடியவில்லை. பின்பக்க அறைக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். இந்தச் சுவர் இப்படி நடுங்குவது எனக்குத் தெரியாது. பூனையின் முதுகு மாதிரி இருந்தது. வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீளமாகப் போட்டிருந்தது. அந்தப் பக்கம் முதல் கைதட்டல் தூரத்தில் கேட்டது, கூடமாக இருக்கும். இரண்டாவது படிக்கட்டில். மூன்றாவது என் கைக்கு நேர் எதிரே.

அதன் பிறகு கைதட்டல் இல்லை. ரொம்ப நேரம் எதுவும் இல்லை. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நானும் சுவரும் அந்தப் பக்கத்து ஆட்களும் ஒரே தண்ணீருக்குள் நிற்பது போல இருந்தது. பிறகு ஒரு ஆண் குரல் முனகியது. மோட்டாரின் சத்தத்துக்குக் கொஞ்சம் கீழே ஆரம்பித்து, தேடிக்கொண்டே மேலே வந்து, அதோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டியதும் இரண்டு சத்தமும் ஒன்றாகிவிட்டது. குரல் நின்றதா, உள்ளே போனதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு சிரிப்பும் கேட்டது. உன்னுடையது என்று நினைக்கிறேன். பதினெட்டு வருஷம் கேட்டவன் நிச்சயமாகச் சொல்ல முடியாதா என்று கேட்பாய். சுவர் வழியாக வந்த சத்தம். உறுதி செய்யப்படாதது என்றே வைத்துக்கொள்.

இதற்கிடையில் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன். தொட்டி நிரம்பி, மொட்டைமாடியில் பொங்கி, படிக்கட்டு வழியாகக் கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. செருப்பு இரண்டும் வாசல் வரை மிதந்து போயின. இருபது நிமிஷச் சத்தத்தை முப்பத்தைந்து நிமிஷம் ஓட்டியிருக்கிறேன். வாங்குகிறவருக்கு அந்தக் கூடுதல் பதினைந்து நிமிஷம் வழக்கமல்ல என்று தயவுசெய்து சொல்லிவிடு. மற்றபடி அதைச் செய்தது உதவியாக அல்ல, மறதியாக.

ஐந்து மணிக்குப் பல் டாக்டர் காம்பவுண்டு மேல் எட்டிப் பார்த்தார். பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"சார், அந்த ஆள் என்ன சொன்னாரு தெரியுமா?" என்றார்.

"சொல்லாதீங்க டாக்டர்."

"நீங்க பேப்பர்காரர். உங்களுக்குத் தெரிஞ்சுக்க ஆசையா இல்லையா?"

"நிறைய இருக்கு. இருந்தாலும் சொல்லாதீங்க. அது அவ செய்தி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே போய்விட்டார். முப்பத்தொரு வருஷத்தில் வாசல் தேடி வந்த செய்தியைத் திருப்பி அனுப்பியது இதுதான் முதல் தடவை. சாயங்காலம் முழுவதும் அந்தச் செய்தி காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமே இருந்தது. நான் இந்தப் பக்கம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. பழகிக்கொள்ள வேண்டும்.

இன்னும் தெரியாதவை: பியானோக்காரரின் கையெழுத்து, நாளை வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள். உன் வேலை நிரந்தரமா என்பது, சனிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள். இரண்டையும் நீ எழுதினால் தெரிந்துகொள்வேன், எழுதாவிட்டால் தெரிந்துகொள்ள மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கதவு திறந்திருக்கும். வீடு துடைத்திருக்கும். வேறு எதையும் மாற்றி வைக்க மாட்டேன். வீட்டுக்காரர் உள்ளே இருக்க மாட்டார். எத்தனை மணி நேரம் உட்காருவாய், அதுவரை நான் எங்கே போய் உட்காருவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஞாயிறு இரண்டரைக்குள் முடிவு செய்ய வேண்டும்.

அன்புடன்,
பதினான்காம் எண்ணில் இருப்பவன்